ஸ்கிம்மர்: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் எல்லாரும் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், தீபாவளிக்கு முறுக்கு சாப்பிட வந்தவர்கள் உட்பட, என் நான்கடித் தொட்டியின் முன் நின்றுவிடுவார்கள். பவளத்தையும் கோமாளி மீனையும் பார்த்து முடித்ததும் கீழே அலமாரிக் கதவைத் திறந்து, "இது என்ன அண்ணே, மிக்சி மாதிரி சுத்துது?" என்று கேட்பார்கள். அந்த மிக்சிதான் ஸ்கிம்மர், தொட்டித் தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி வெளியே எடுக்கும் கருவி. அப்படிப் பார்த்துவிட்டுச் சொந்தமாகத் தொட்டி தொடங்கிய தம்பிகள் சிலர், அப்புறம் வாட்ஸ்அப்பில் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைக்கிறேன்.

ஸ்கிம்மர் என்னதான் செய்கிறது?

என் அப்பா தோட்டத்துப் பால் ஸ்டோரில் வேலை பார்த்தவர். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, தண்ணீர் கலந்து, ஆசிட் விட்டுக் கலக்குவார்கள். கலக்கியதும் மேலே நுரை கட்டும். அதைத் தட்டையான பலகையால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழித்து எடுத்த பிறகுதான் அடுத்த வேலை. நுரையை அப்படியே விட்டால் ஷீட்டில் கொப்புளம் விழும், கிரேடு இறங்கும், மேலாளரிடம் பேச்சு வாங்க வேண்டும்.

ஸ்கிம்மர் செய்வதும் இந்த வழிக்கும் வேலையைத்தான். என்ன, இங்கே நுரையை நாமே வேண்டுமென்று கிளப்புகிறோம். மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பவளம் கக்கும் கோழை எல்லாம் தண்ணீரில் கரைந்து கிடக்கும். இவற்றில் பல மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரைக் கண்டால் ஒதுங்கும். அப்படி ஒதுங்கும் முனைக்குக் காற்றுக் குமிழியின் மேல்தோல் நல்ல இடம். போய் ஒட்டிக்கொள்ளும். பம்ப் காற்றையும் தண்ணீரையும் அடித்து லட்சக்கணக்கான பொடிக் குமிழிகளாக்கி ஒரு குழாய்க்குள் விடுகிறது. அழுக்கைச் சுமந்த குமிழிகள் மேலே ஏறி, கழுத்துப் பகுதியில் நெருங்கிக் கெட்டி நுரையாகி, கடைசியில் மேலிருக்கும் கோப்பையில் வழிந்து விழுகின்றன. பருப்பு வேகும்போது அம்மா கரண்டியால் நுரையை எடுத்துப் போடுவதை நினைத்துக்கொண்டாலும் சரிதான்.

நன்னீர்த் தொட்டிக்கு ஏன் இதை யாரும் வைப்பதில்லை?

நல்ல தண்ணீரில் குமிழிகள் ஒன்றோடொன்று மோதினால் சேர்ந்து பெரிதாகி, உடனே மேலே போய் உடைந்துவிடும். உப்புத் தண்ணீரில் அவை எளிதில் சேராது; பொடியாகவே இருந்து மெதுவாக ஏறும். அழுக்கு ஒட்ட நேரம் கிடைக்கும். உப்பளவு குறைந்தால் ஸ்கிம்மரும் மந்தமாகிவிடுவது இதனால்தான். நுரை சரியில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "உப்பு எவ்வளவு?" என்பதுதான். பவளத் தொட்டிக்கு ஆயிரத்தில் 35 பங்கு, அதாவது அடர்த்தி மானியில் 1.025 அல்லது 1.026 இருக்க வேண்டும்.

ஸ்கிம்மர் வைத்தால் நைட்ரேட் இறங்கிவிடுமா?

நேரடியாக இறங்காது. நைட்ரேட், ஃபாஸ்பேட், அம்மோனியா மூன்றும் குமிழியில் ஒட்டாத சாதி. கழிவு அழுகி நைட்ரேட்டாக மாறுவதற்கு முன்பே ஒரு பங்கை வெளியே தள்ளுவதுதான் ஸ்கிம்மரின் வேலை. ஏற்கெனவே லிட்டருக்கு 50 மில்லிகிராமில் நிற்கும் நைட்ரேட்டை அது தொடவும் தொடாது. அதற்குத் தண்ணீர் மாற்ற வேண்டும், தீனியைக் குறைக்க வேண்டும்.

கரைந்த அழுக்கு முழுவதையும் எடுத்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மன் தம் மாணவர்களோடு சேர்ந்து பல ஸ்கிம்மர்களை அளந்து பார்த்து 2009-இல் எழுதினார். தண்ணீரில் இருந்த மொத்தக் கரிமப் பொருளில் ஏறக்குறைய 20 முதல் 30 விழுக்காட்டைத்தான் அவை எடுத்தன. மீதி குமிழியில் ஒட்டாத வகை. விலை கூடிய ஸ்கிம்மருக்கும் குறைந்ததற்கும் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதைப் படித்த பிறகுதான் நான் ஸ்கிம்மர் மாற்றும் ஆசையை விட்டேன்.

என் தொட்டிக்குக் கட்டாயம் வேண்டுமா?

80 லிட்டருக்கு உட்பட்ட சிறிய தொட்டி, இரண்டு மீன், கொஞ்சம் மென்பவளம் என்றால் வேண்டாம். வாரம் தவறாமல் 10 முதல் 20 விழுக்காடு தண்ணீர் மாற்றினால் போதும். ஸ்கிம்மருக்குப் போடும் பணத்தை நல்ல உப்புக்குப் போடுங்கள்.

அதற்கு மேலே போனால் என் பதில் மாறும். முக்கியமாக நம் ஊர் சூட்டுக்கு. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் நிற்கும். மத்தியானம் தகரக் கூரைக்குக் கீழே 30 டிகிரியைத் தொடும் தொட்டியில், நாள் முழுக்கத் தண்ணீருக்குள் காற்றை அடிக்கும் ஒரு கருவி இருப்பது அழுக்கு எடுப்பதைவிடப் பெரிய உதவி. பலர் ஸ்கிம்மரை வடிகட்டியாக மட்டும் பார்க்கிறார்கள். அது தொட்டியின் மூக்கும்கூட. இந்த மூக்கு விஷயத்துக்குக் கீழே மறுபடி வருகிறேன்.

பெட்டியில் '600 லிட்டர் வரை' என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

பாதி நம்பலாம். அந்த எண், மீன் குறைவாக உள்ள தொட்டிக்குச் சொன்னது. பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் பார்த்தால், மீன் அதிகமாக இருந்தால் 300 லிட்டர் என்றோ 250 என்றோ இன்னோர் எண் இருக்கும். அதுதான் உங்கள் எண். நம்மில் யார் மீன் குறைவாக வைக்கிறோம்? கடைக்குப் போகும்போது ஒன்றுதான் என்று சொல்லிப் போவோம், வரும்போது பையில் மூன்று இருக்கும்.

என் கணக்கைச் சொல்கிறேன். தொட்டி 120 செண்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். பெருக்கினால் 243 லிட்டர். மேலே விடும் இடத்தையும் பாறை அடைக்கும் இடத்தையும் கழித்து, கீழே அலமாரியில் உள்ள சம்ப், அதாவது ஸ்கிம்மரும் பம்பும் நிற்கும் துணைத் தொட்டியின் தண்ணீரைக் கூட்டினால் மறுபடியும் 250-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். டேங், கோமாளி, டாம்செல் என்று எட்டு மீன்கள். ஆகவே 'அதிக மீனுக்கு 300' என்று போட்ட ஸ்கிம்மரை எடுத்தேன். இன்றுவரை குறை இல்லை.

"பெரிசா வாங்கிட்டா பிற்காலத்துக்கு ஆகும்ல?" என்று கேட்பார்கள். ஸ்கிம்மர் விஷயத்தில் அது சரிவராது. நுரை கழுத்தில் ஏறி நிற்க வேண்டுமானால் தண்ணீரில் அதற்குத் தக்க அழுக்கு இருக்க வேண்டும். சின்னத் தொட்டிக்கு அகலமான கழுத்துள்ள ஸ்கிம்மரை வைத்தால் நுரை பாதிவரை வந்து, காய்ந்து, உடைந்து கீழே இறங்கிவிடும். இரண்டு நாளைக்கு ஒன்றுமே வராது. மூன்றாம் நாள் திடீரென்று கொஞ்சம் வரும். இப்படி ஒழுங்கில்லாமல் ஓடுவதைவிட, கொஞ்சம் சிறியது ஒழுங்காக ஓடுவது மேல்.

எந்த வகை நல்லது?

சம்ப் இருந்தால் சம்புக்குள் வைக்கும் நீடில் வீல் வகை. யோசிக்கவே வேண்டாம். பம்பின் விசிறியில் ஊசி ஊசியாக முட்கள் இருக்கும். உறிஞ்சும் காற்றை அவை நறுக்கிப் பொடியாக்கும். பப்பிள் மேகஸ், ரீஃப் ஆக்டோபஸ், சிங்கப்பூர்க்காரர்களின் ஸ்கிம்ஸ் என்று நம் பக்கத்தில் கண்ணில் படும் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சம்ப் இல்லையென்றால் தொட்டியின் பின்னால் மாட்டும் வகை. வேலை செய்யும், ஆனால் பொங்கினால் நேரே தரைக்குத்தான் போகும். மரக்கட்டை ஏர்ஸ்டோன் (காற்றைக் குமிழியாக்கும் துண்டு) வைத்து ஓட்டும் பழைய வகை விலை மலிவு. மாதத்துக்கு ஒரு கட்டை மாற்ற வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசி பம்ப் வேண்டுமா, ஏசி போதுமா என்பது பணத்தைப் பொறுத்தது. டிசி என்றால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், கரண்டும் குறைவு. ஏசி என்றால் கெடுவதற்கு அதில் அதிகமாக ஒன்றும் இல்லை.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. என்னுடைய முதல் ஸ்கிம்மர் ஈப்போவில் தொட்டியைக் கலைத்த ஒருவரிடம் வாங்கியதுதான். பம்பைக் கழற்றி விசிறியைப் பாருங்கள். முட்கள் உடைந்திருக்கிறதா, காந்தம் உப்பி வெடித்திருக்கிறதா, நடுத்தண்டு ஆடுகிறதா என்று விரலால் திருப்பிப் பார்த்தாலே தெரியும். கோப்பை உட்காரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் சில வெள்ளி (ரிங்கிட்) செலவில் மாற்றிவிடலாம். குழாயின் உடம்பில் விரிசல் இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டிலிருந்து மலிவாக வருகிறது என்று அமெரிக்கப் பம்பை வரவழைக்காதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்து வோல்ட்டைச் சரிசெய்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. ஏசி பம்ப் மெதுவாகச் சுற்றும், நுரை தளர்ந்துவிடும்.

சம்பில் எவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும்?

வருகிற புகார்களில் முக்கால்வாசி இந்த ஒரு கேள்வியில் வந்து முடியும். ஒவ்வொரு ஸ்கிம்மருக்கும் அதைச் செய்தவர்கள் ஓர் ஆழம் சொல்லியிருப்பார்கள். பெரும்பாலும் 15 முதல் 23 செண்டிமீட்டருக்குள் இருக்கும். அதைவிட ஆழமாக வைத்தால் ஈரமாக வழியும். ஆழம் குறைந்தால் நுரை கழுத்தை எட்டாது. சம்பில் தண்ணீர் உயரமாக நின்றால் ஸ்கிம்மருக்கு அடியில் மேடை கொடுங்கள். பிவிசி குழாயை நான்கு துண்டாக ஒரே உயரத்துக்கு வெட்டி, மேலே பிளாஸ்டிக் கட்டச் சட்டம் ஒன்றைப் போட்டால் ஐந்து வெள்ளியில் மேடை தயார்.

ஆழத்தைச் சரியாக வைத்தால் போதாது, அது மாறாமல் நிற்க வேண்டும். நம்மில் பலர் சில்லர் வாங்க வசதியில்லாமல் மின்விசிறி வைத்துத்தான் தண்ணீரைக் குளிர வைக்கிறோம். விசிறி வைத்தால் தண்ணீர் ஆவியாகும். வெயில் காலத்தில் என் தொட்டியில் ஒரு நாளைக்கு 5 லிட்டர் போய்விடும். சம்ப் 60-க்கு 40 செண்டிமீட்டர் என்று வையுங்கள். அதில் 5 லிட்டர் குறைந்தால் தண்ணீர் மட்டம் 2 செண்டிமீட்டர் இறங்கும். காலையில் நன்றாக நுரைத்த ஸ்கிம்மர் இரவில் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் திருகைத் திருப்பி நுரையைக் கூட்டுவீர்கள். அப்புறம் படுக்கப்போகும் முன் ஒரு வாளி தண்ணீரை ஊற்றுவீர்கள். விடிந்து பார்த்தால் கோப்பை நிரம்பி, அலமாரி நனைந்து, பலகை உப்பியிருக்கும். தப்பு ஸ்கிம்மர் மேல் இல்லை.

இதற்கு இரண்டு வழி. ஸ்கிம்மர் நிற்கும் அறைக்கு அப்பால் ஒரு தடுப்புக் கண்ணாடி இருந்தால், தண்ணீர் அதன் மேல் வழிந்து, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அறைக்குப் போகும். ஆவியாகிற குறை முழுவதும் பம்ப் அறையில்தான் தெரியும், ஸ்கிம்மர் அறையின் மட்டம் அசையாது. தடுப்பு இல்லாத சம்பாக இருந்தால் மிதவை வைத்த தானியங்கித் தண்ணீர் நிரப்பியை வாங்குங்கள். விலை கூடிய ஸ்கிம்மரைவிட இது ஆயிரம் மடங்கு உபயோகம்.

வாங்கி நான்கு நாள் ஆச்சு, நுரையே இல்லை லா. கெட்டுப்போனதா?

இல்லை. புதிய ஸ்கிம்மரின் உள்சுவரில் தொழிற்சாலை எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். எண்ணெய் நுரைக்கு எதிரி. வாங்கியதும் வெந்நீரும் வினிகரும் கலந்து அரை மணி நேரம் ஓடவிட்டால் கொஞ்சம் போகும். மீதி தானாகப் போக ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம் ஆகும். தொட்டியே புதிது என்றால் இன்னும் தாமதமாகும், ஏனென்றால் எடுக்க அழுக்கே இல்லை.

அதுவரை திருகைத் தொடாதீர்கள். தொட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு நாளைக்கு ஒரு முறை, ஒரு கோடளவு. மாற்றிய பலன் தெரிய ஒரு நாள் ஆகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திருகுகிறவர்களுக்கு எந்த ஸ்கிம்மரும் படியாது.

கோப்பையில் வருவது எந்த நிறத்தில் இருக்க வேண்டும்?

தே-ஓ (பாலில்லாத தேநீர்) நிறத்தில் நிறைய வந்தால் ஈர நுரை. கோப்பி-ஓ (பாலில்லாத காப்பி) நிறத்தில் கொஞ்சமாக, மூக்கைப் பிடிக்கிற மாதிரி வந்தால் காய்ந்த நுரை. இரண்டும் தவறில்லை. நான் நடுவில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் தே-ஓ பக்கம் சாய்ந்து. மீன் அதிகமென்றால் ஈரமாக வைப்பது நல்லது.

ஈரமாக எடுக்கும்போது கவனிக்க வேண்டியது உப்பு. கோப்பையில் போவது உப்புத் தண்ணீர். அந்தக் குறையைத் தானியங்கி நிரப்பி நல்ல தண்ணீரால் ஈடுகட்டும். ஒரு மாதத்தில் 1.026 மெல்ல மெல்ல 1.023-க்கு இறங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்கள்.

திடீரென்று பொங்கி வழிகிறது. என்ன காரணம்?

அன்று தொட்டிக்குள் என்ன போட்டீர்கள் என்று யோசியுங்கள். பவளம் ஒட்டும் பசை, குளோரின் நீக்கும் மருந்து, சிவப்புப் பாசி மருந்து, புதிதாகக் கலந்த உப்புத் தண்ணீர், எது போட்டாலும் சில மணி நேரத்திலிருந்து இரண்டு நாள்வரை பொங்கும். கோப்பையைக் கழற்றிவிட்டு வெறும் உடம்போடு ஓடவிடுங்கள், அல்லது காற்றைக் குறையுங்கள். தானாக அடங்கும். ஏதாவது செத்து மறைவில் கிடந்தாலும் பொங்கும். மீனை எண்ணிப் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய இன்னொரு காரணம், சாயங்கால இடி மழை. ஒரு நாள் நான் வேலையில் இருந்தபோது மின்னல் வெட்டி கரண்டு போய், அரை மணியில் திரும்பி வந்திருக்கிறது. கரண்டு போனதும் மேல்தொட்டித் தண்ணீரும் குழாயில் நின்றதும் சம்புக்கு இறங்கிவிட்டன. மட்டம் ஐந்து விரல் ஏறிவிட்டது. கரண்டு வந்ததும் இரண்டு பம்பும் ஒரே நேரத்தில் ஓடின. மேலே போக வேண்டிய தண்ணீர் போய் முடிவதற்குள் ஸ்கிம்மர் மூழ்கின நிலையில் நுரைத்து, கோப்பையில் இருந்த மூன்று நாள் கறுப்புத் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு வழிந்தது. அன்று வீட்டில் யாரும் சாப்பாட்டு மேசையில் உட்காரவில்லை, அந்த நாற்றம். இப்போது ஸ்கிம்மர் பம்புக்குத் தாமதமாக இயக்கும் சுவிட்ச் ஒன்று போட்டிருக்கிறேன். கரண்டு வந்து பத்து நிமிடம் கழித்துத்தான் ஓடும். டிசி வகை சிலவற்றில் இது கூடவே வருகிறது.

நன்றாக வந்த நுரை சட்டென்று படுத்துவிட்டதே?

எண்ணெய். உறைந்த தீனியில், மீன் முட்டையில், வைட்டமின் சொட்டில் எண்ணெய் இருக்கும். தீனி போட்ட ஒரு மணி நேரம் நுரை படுப்பது சகஜம். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையைத் தொட்டிக்குள் விட்டாலும் இதுதான் நடக்கும். வெள்ளிக்கிழமை காலையில் என் தொட்டி நுரைக்காத மர்மம் எனக்கு விளங்க ஆறு மாதம் ஆனது. என் மகள் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நத்தையைத் திருப்பிவிடுவாள்.

புகைமூட்டம், கொசு மருந்து, சாம்பிராணி: இதெல்லாம் பாதிக்குமா?

மூக்கு என்று சொன்னேன் அல்லவா? நடுத்தர ஸ்கிம்மர் மணிக்குச் சில நூறு லிட்டர் காற்றை உறிஞ்சித் தண்ணீரில் அரைக்கிறது. உங்கள் கூடத்தின் காற்றில் என்ன இருக்கிறதோ அது தொட்டிக்குள் போகிறது. கொசுவர்த்திச் சுருளைத் தொட்டி அலமாரிக்குப் பக்கத்தில் வைக்கவே வைக்காதீர்கள். அடிக்கும் கொசு மருந்து அதைவிட மோசம். அதில் உள்ள பைரித்ராய்டு வகை மருந்துகள் மனிதருக்குப் பெரிதாகத் தெரியாது. மீனுக்கும், அதைவிட இறால், நண்டுக்கும் நஞ்சு.

தாமானில் (குடியிருப்பில்) டெங்கிக்குப் புகை அடிக்க வரும் நாளில் நான் செய்வது இது: சத்தம் கேட்டதுமே ஸ்கிம்மரை நிறுத்துவேன். சன்னல்களை மூடி, தொட்டிமேல் ஈரத் துணியும் பிளாஸ்டிக் தாளும் போர்த்துவேன். அலையடிக்கும் பம்புகளை மட்டும் ஓடவிடுவேன், மீனுக்கு மூச்சு வேண்டுமே. இரண்டு மணி நேரம் கழித்து வீட்டைத் திறந்து காற்றோட விட்டபின்தான் ஸ்கிம்மர். அன்றைக்குப் புதிய கரிப்பொடி வடிகட்டியும் போடுவேன்.

புகைமூட்டம் வேறு மாதிரி. 2015-லும் 2019-லும் வெளியே எதிர்வீடு மங்கலாகத் தெரிந்த நாட்களில் நாமெல்லாம் முகக்கவசம் போட்டோம், தொட்டி போடவில்லை. காற்றுக் குழாயின் முனையில் கரித்துண்டு நிரப்பிய சின்ன டப்பா ஒன்றை மாட்டினால் போதும். தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் செம்பனைக்கு மருந்து அடிக்கும் நாட்களுக்கும் இதுவே. சாம்பிராணியை நான் நிறுத்தவில்லை, அம்மா விடமாட்டார். சாமி அறை வேறு பக்கம் இருப்பதால் பிழைத்தேன்.

ஏர்கான் போட்டு அடைத்த அறையில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இதன் மறுபக்கம். நாம் விடும் மூச்சில் அறையில் கார்பன் டை ஆக்சைடு கூடும், ஸ்கிம்மர் அதையே தொட்டிக்குள் தள்ளும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.8-க்குக் கீழே போகும். காற்றுக் குழாயைச் சன்னல் வழியே வெளியே விட்டால் பிஎச் ஏறும். எந்தப் பக்கம் விடுகிறீர்கள் என்று பார்த்து விடுங்கள்.

இரவில் நிறுத்தலாமா? கரண்டு பில் ஏறுகிறதே.

கூடாது. இரவில் பாசியும் பவளமும் ஆக்சிஜன் தராது, எடுத்துக்கொள்ளும். மூக்கு வேண்டிய நேரமே அதுதான். பில்லை ஏற்றுவது ஸ்கிம்மர் இல்லை, சில்லரும் விளக்கும்தான். இந்த அளவுப் பம்ப் ஒரு சிறிய பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். பவளத்துக்குப் பொடித் தீனி போடும்போது மட்டும் அரை மணி நிறுத்தலாம், இல்லாவிட்டால் தீனியையே அள்ளிக் கோப்பையில் போட்டுவிடும்.

எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

கோப்பை நிறைந்தால்தான் கழுவ வேண்டும் என்று நினைக்காதீர்கள். கழுத்தின் உட்புறத்தில் பழுப்பாகக் கொழுப்புப் பிசுக்கு ஏறும். அது ஏற ஏற நுரை வழுக்கி இறங்கும். மூன்று நாளுக்கு ஒருமுறை கோப்பையைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் விரலால் தேய்த்தால் போதும். சவுக்காரம் கூடாது. கழுவி வைத்ததும் சில மணி நேரம் நுரை குறைவாக வரும், பயப்படாதீர்கள்.

காற்று உறிஞ்சும் முனையில் உப்புப் பூத்து அடைக்கும். பம்ப் சத்தம் மாறி, குமிழி பெரிதாகத் தெரிந்தால் அதுதான். குழாயின் முனையை ஒரு கோப்பை வெந்நீரில் முக்குங்கள். வெந்நீர் உள்ளே போகும்போது உப்பு கரைந்துவிடும். ஐந்து நிமிட வேலை.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பம்பை முழுவதும் கழற்றி, சுண்ணாம்புப் படிவு போக ஊற வைக்க வேண்டும். மளிகைக் கடையில் சூக்கா (வினிகர்) பாட்டில் இரண்டு, அதே அளவு தண்ணீர், ஒரு வாளி. காலையில் போட்டு மத்தியானம் எடுத்தால் விசிறியின் ஊசிகள் எண்ணிப் பார்க்கிற மாதிரி வெளுத்துத் தெரியும். பழைய பல்துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். மாற்றுப் பம்ப் இருந்தால் அதற்குள் ஓடவிடலாம். இல்லாவிட்டாலும் அரை நாளில் ஒன்றும் ஆகாது.

சத்தம் தாங்கவில்லை.

பம்புக்கு அடியில் ரப்பர் பாய் வையுங்கள். காற்று முனைக்குச் சத்தம் அடக்கும் மூடி கூடவே வந்திருந்தால் போட்டுவிடுங்கள். அப்படியும் கடகடவென்றால் நடுத்தண்டு தேய்ந்திருக்கும்.

தொட்டிக்குள் வோட்கா ஊற்றுகிறார்களாமே?

உண்மைதான். ஊரில் இதைச் சொன்னால் சம்சு (மலிவுச் சாராயம்) ஞாபகம் வந்து பெரியவர்கள் முறைக்கிறார்கள். வோட்காவோ வினிகரோ தண்ணீரில் உள்ள பாக்டீரியாவுக்குத் தீனி. அவை பெருகும்போது நைட்ரேட்டையும் ஃபாஸ்பேட்டையும் தின்னும். பெருகிய பாக்டீரியாவில் ஒரு பங்கை ஸ்கிம்மர் அள்ளி வெளியே போடும். அதனால்தான் ஸ்கிம்மர் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. அளவு தப்பினால் ஒரே இரவில் தண்ணீர் பால்போல வெளுத்து, ஆக்சிஜன் தீர்ந்து, மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். முதல் ஆண்டில் யாரும் தொடவேண்டாம் என்பது என் கருத்து.

கோப்பைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றலாமா? நல்ல உரம்தானே?

பக்கத்து வீட்டு அக்காவும் இதையேதான் கேட்டார். அவ்வளவு கெட்ட நாற்றம் அடித்தால் உரம்தான் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களின் கணக்கு. ஆனால் அது முழுக்கக் கடல் உப்பு. நான் சொல்லும் முன்பே அம்மா ஒரு வாரம் எங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றியிருந்தார். இலை ஓரம் கருகி, பத்தாம் நாள் கிளையே மொட்டையாகிவிட்டது. இப்போது சாக்கடையில்தான் ஊற்றுகிறோம், கூடவே ஒரு வாளி நல்ல தண்ணீரும். கறிவேப்பிலைக்கு அக்கா வீட்டு வேலியைத்தான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.